நீச்சல்: உடலுக்கு உரம், உயிருக்கு அரண்

மனிதன் மேற்கொள்ளும் உடற்பயிற்சிகளுள் நீச்சலுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. அது உடலின் பாரத்தைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, அதே சமயத்தில் கை, கால், தோள், முதுகு, வயிறு ஆகிய எல்லாப் பகுதிகளின் தசைகளையும் ஒருசேர உழைக்கச் செய்கிறது. ஓடுபவர் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் தம் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசையைக் காலால் தாங்க வேண்டியிருக்கிறது. நீந்துபவருக்கு இந்த அதிர்ச்சி இல்லை. சிறுவர் முதல் முதியவர் வரை, தத்தம் ஆற்றலுக்கு ஏற்ப இப்பயிற்சியைச் செய்யலாம்.

இதற்கு வேறொரு சிறப்பும் உண்டு. மற்றப் பயிற்சிகளைக் கற்காதவர் அவற்றின் நன்மையை மட்டுமே இழப்பர். நீந்தக் கற்காதவரோ தவறி நீரில் விழுந்தால் உயிரையே இழக்க நேரும். ஆகவே நீச்சலைப் பொறுத்தவரை உடல்நலத்தையும் உயிர்க்காப்பையும் பிரித்துப் பார்க்க இயலாது. இவ்விரண்டும் கிட்ட வேண்டுமாயின் தூய நீரும் முறையான போதனையும் இன்றியமையாதவை. தலைநகராகிய தில்லியின் அனுபவம் இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது.

யமுனைக் கரையில்

தில்லி ஆற்றங்கரையில் தோன்றிய நகரம். முகலாயர் காலத்தில் தில்லியிலும் ஆக்ராவிலும் மழைக்காலத்தின்போது யமுனையில் நீச்சல் விழாக்கள் நடைபெற்றன. கைதேர்ந்த ஆசான்கள் தம் மாணவர்களுடன் ஆற்றில் இறங்கித் திறமை காட்டுவர். மக்கள் கரையில் கூடி நின்று காண்பர். நகரின் படிக்கிணறுகளும் நீந்துமிடங்களாக விளங்கின. பதினான்காம் நூற்றாண்டில் கட்டப்பட்ட நிஜாமுதீன் படிக்கிணற்றில் சிறுவர்கள் சுற்றுச் சுவர்களிலிருந்து குதித்து நீந்துவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தப் பழகிய முறையை ஒத்ததே இதுவும்.

இன்று அந்நிலை மாறிவிட்டது. யமுனை நதியின் மொத்த நீளம் 1,376 கிலோமீட்டர். வஜீராபாத் அணைக்கும் ஓக்லா அணைக்கும் இடையே தில்லி நகரினூடே செல்லும் பகுதி ஏறத்தாழ 22 கிலோமீட்டர். இது மொத்த நீளத்தில் நூற்றுக்கு 2 பங்கு கூட இல்லை. ஆயினும் நதியில் சேரும் மாசில் முக்கால் பங்கிற்கு மேல் இச்சிறு பகுதியிலேயே கலக்கிறது. வஜீராபாத்துக்குக் கீழே நஜஃப்கட் வடிகால் நதியில் வந்து சேருகிறது. அதன்பின் மேலும் பல வடிகால்கள் சேருகின்றன.

நதிநீர் குளிப்பதற்குத் தகுதியுடையதா என்பதைத் தீர்மானிக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சில அளவுகளை விதித்துள்ளது. ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள பிராணவாயு 5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. 100 மில்லிலிட்டர் நீரில் மலக்கழிவைச் சார்ந்த கோலிபார்ம் கிருமிகளின் எண்ணிக்கை 500க்கு உட்பட்டிருத்தல் விரும்பத்தக்கது. எவ்வாறாயினும் 2,500ஐத் தாண்டலாகாது. தில்லிப் பகுதியில் பல மாதங்களில் கரைந்துள்ள பிராணவாயு அறவே இல்லாதிருப்பதும், கிருமிகளின் எண்ணிக்கை இலட்சக்கணக்கில் உயர்வதும் சோதனைகளில் தெரிய வந்துள்ளன. இத்தகைய நீரில் நீந்துபவர் வயிற்றுப்போக்கு, தோல் நோய், காதுச்சீழ், கண்ணழற்சி முதலிய துன்பங்களுக்கு இடங்கொடுப்பவராவார். நதி கைவிட்டபின் நகரத்துச் சிறுவர்கள் இயல்பாக நீந்தக் கற்கும் வாய்ப்பும் அருகிவிட்டது. ஆனால் கோடை வெப்பம் 45 டிகிரி செண்டிகிரேடை நெருங்கும் நாள்களில் நீரின் மீதுள்ள ஆசை குறைவதில்லை. நீந்தத் தெரியாத சிறுவர்கள் நதியிலும், ஹரியானாவிலிருந்து தில்லிக்குக் குடிநீர் கொண்டுவரும் முனாக் கால்வாயிலும் இறங்கி உயிரிழந்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. சிமெண்டுப் பூச்சுடைய சரிவான கரையில் கைப்பிடி ஏதும் இல்லாமையால், கால்வாயில் இறங்கியவர் மீண்டும் கரையேறுவது மிகக் கடினம்.

தால்கட்டோராக் குளம்

நதியின் இடத்தை இன்று ஓரளவுக்கு நீச்சல் குளங்கள் ஏற்றுள்ளன. அவற்றுள் முதன்மையானது புது தில்லியின் தால்கட்டோராத் தோட்டத்தில் அமைந்துள்ளது. தால் என்பது குளத்தையும், கட்டோரா என்பது கிண்ணத்தையும் குறிக்கும் சொற்கள். கிண்ணம் போன்று தாழ்ந்த நிலப்பகுதியாக இருந்தமையால் இப்பெயர் ஏற்பட்டது. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுகளின் நீச்சற் போட்டிகள் இங்கே நடைபெற்றன. 2010ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகளுக்காக இது புதுப்பித்துக் கட்டப்பட்டு, டாக்டர் சியாமா பிரசாத் முகர்ஜி நீச்சல் குள வளாகம் எனப் பெயர் பெற்றது.

இந்திய நீச்சல் வரலாற்றில் தில்லிக்கு நிலையான இடம் உண்டு. முதலாவது ஆசிய விளையாட்டுகள் 1951ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தில்லியில் நடைபெற்றபோது, சச்சின் நாக் 100 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டுகளில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுவே. அவர் வாராணசியில் பிறந்து கங்கையில் நீந்தப் பழகியவர். கல்கத்தாவில் மூண்ட கலவரத்தின்போது காலில் குண்டு பாய்ந்து காயமுற்ற அவர், விடாமுயற்சியால் உடல் தேறி, 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் போட்டியில் பங்கு கொண்டார். மூன்றாண்டுகளுக்குப் பின் தில்லியில் வெற்றி கண்டார்.

2010ஆம் ஆண்டில் தால்கட்டோராவில் பிரசாந்த கர்மாகர், மாற்றுத்திறனாளிகளுக்குரிய 50 மீட்டர் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். காமன்வெல்த் விளையாட்டுகளில் நீச்சலில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் இதுவாகும். சிறுவயதில் விபத்தொன்றில் வலக்கையை இழந்தவர் அவர். நிலத்தில் இடையூறாகும் உறுப்புக்குறை, நீரில் அவ்வளவு இடையூறாவதில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும். இதன் காரணத்தை அறிய, நீரில் உடலுக்கு நிகழும் மாறுதல்களை அறிந்துகொள்ள வேண்டும்.

நீரில் உடலுக்கு நிகழ்வன

முதலாவது மிதப்பு விசை. நீரில் மூழ்கிய பொருளை, அது விலக்கிய நீரின் எடைக்குச் சமமான விசை மேல்நோக்கித் தள்ளுகிறது. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் அவர் எடையில் ஏறத்தாழப் பாதியையே தாங்குகின்றன. கழுத்தளவு நீரில் இது பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 60 கிலோகிராம் எடையுள்ளவரின் முழங்கால்கள் அந்நிலையில் 6 கிலோகிராம் அளவு சுமையையே உணரும். முழங்கால் மூட்டுவாதம் உள்ளவர்களும், உடல் பருத்தவர்களும், நடக்கும்போது வலியால் துன்புறுபவர்களும் நீரில் எளிதாக அசைந்து பயிற்சி செய்ய இயலுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது நீரின் தடை. நீரின் அடர்த்தி காற்றினுடையதைப் போல் ஏறத்தாழ 800 மடங்கு. ஆகவே நீரில் கையை எப்பக்கம் அசைத்தாலும் அதற்கு எதிராக ஒரு தடை எழுகிறது. வேகமாக அசைத்தால் தடை மிகுதியாகும். மெல்ல அசைத்தால் குறையும். பளு தூக்குவோர் இரும்புக் குண்டுகளை மாற்றிக்கொள்வது போல, நீந்துபவர் தம் வேகத்தை மாற்றியே உழைப்பின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது.

மூன்றாவது நீரின் அழுத்தம். ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடுகிறது. 1.2 மீட்டர் ஆழத்தில் இது பாதரச அளவில் 88 மில்லிமீட்டராகும். இவ்வழுத்தம் கால்களில் தங்கும் இரத்தத்தை மேல்நோக்கிச் செலுத்துகிறது. கழுத்தளவு நீரில் நிற்கும்போது ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் இரத்தம் கூடுதலாக மார்பினுள் வந்து சேருகிறது. இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதனால் துடிப்பின் எண்ணிக்கை சற்றுக் குறைகிறது. நீண்ட நேரம் நின்று வேலை செய்வோரின் கால் வீக்கம் நீரில் தணிவதும் இதனாலேயே.

நான்காவது வெப்பம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் இயல்புடையது. கோடையில் திறந்த மைதானத்தில் ஓடுபவரின் உடற்சூடு ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். நீந்துபவரின் உடலில் பிறக்கும் வெப்பத்தை நீர் உடனுக்குடன் ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் இதே இயல்பு குளிர்காலத்தில் தீங்காக முடியலாம். தில்லியின் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெப்பமூட்டப்படாத நீரில் இறங்குவோர் விரைவில் உடற்சூட்டை இழந்து கைகால் மரத்துப் போவர்.

இருதயமும் சுவாசமும்

நீந்துபவர் விரும்பியபோதெல்லாம் மூச்சுவிட இயலாது. முகம் நீருக்கு மேல் வரும் கணத்தில் காற்றை உள்ளிழுத்து, முகம் நீருக்குள் இருக்கையில் சீராக வெளிவிட வேண்டும். மார்பின் மீது நீரின் அழுத்தம் இருப்பதால் மூச்சை உள்ளிழுக்கும் தசைகள் அதிகமாக உழைக்கின்றன. தொடர்ந்து பயிலும்போது இத்தசைகள் வலுவடைகின்றன; சுவாசம் ஆழமாகவும் ஒழுங்காகவும் அமைகிறது. ஆஸ்துமா கட்டுக்குள் உள்ள குழந்தைகள் நீச்சல் பயின்றபோது, அவர்களுக்குத் தீங்கு நேரவில்லை என்பதையும், நுரையீரலின் செயல்திறன் உயர்ந்தது என்பதையும் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் கண்டுள்ளனர்.

இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை, 2012ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு குறிப்பிடத்தக்கது. சற்று உயர்ந்த இரத்த அழுத்தமுள்ள, 50 வயதைக் கடந்தவர்களை 12 வாரங்கள் முறையாக நீந்தச் செய்தனர். அவர்களுடைய சுருக்க அழுத்தத்தின் சராசரி 131 மில்லிமீட்டரிலிருந்து 122 மில்லிமீட்டராகக் குறைந்தது. இரத்தக் குழாய்களின் நெகிழ்ச்சியும் மேம்பட்டது.

பிரிட்டனில் 80,306 வயதுவந்தோரைப் பல ஆண்டுகள் கவனித்துத் தயாரித்த ஆய்வு 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நீந்தும் பழக்கமுள்ளோரிடையே எக்காரணத்தாலும் நேரும் மரணம், அப்பழக்கம் இல்லாதாரைவிட நூற்றுக்கு 28 பங்கும், இருதய இரத்தக்குழாய் நோய்களால் நேரும் மரணம் 41 பங்கும் குறைவாக இருந்தன. நீந்துவோர் மற்ற வகைகளிலும் நலமான வாழ்க்கை நடத்துபவராக இருக்கலாமாதலால், இவ்வேறுபாடு முழுவதும் நீச்சலால் விளைந்தது எனக் கூறிவிட இயலாது. எனினும் மற்ற ஆய்வுகளோடு ஒத்துச் செல்வதால் இம்முடிவு கருதத்தக்கதே.

எவ்வளவு பயிற்சி தேவை

வயதுவந்தோர் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்றும், பள்ளிப் பருவத்தினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் உழைக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. வாரத்தில் மூன்று நாள்கள், நாளுக்கு அரைமணி நேரம் நீந்துபவர், வயதுவந்தோருக்குரிய குறைந்த அளவில் பாதிக்கு மேல் நிறைவேற்றிவிடுகிறார். எஞ்சியதை நடையால் நிரப்பலாம். 60 கிலோகிராம் எடையுள்ளவர் மிதமாக அரைமணி நேரம் நீந்தினால் ஏறத்தாழ 180 கலோரி சக்தி செலவாகிறது.

புதிதாகத் தொடங்குபவர் இடைவிடாமல் நீந்த முயலலாகாது. 25 மீட்டர் நீந்தியபின் மூச்சு ஒழுங்குக்கு வரும்வரை ஓய்வெடுத்து மீண்டும் நீந்துவதே நன்று. வாரம் செல்லச் செல்ல ஓய்வு நேரத்தைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டலாம். ஒரே முறையில் நீந்தாமல், குப்புற நீந்துதல், மல்லாந்து நீந்துதல், தவளை நீச்சல் ஆகியவற்றை மாறி மாறிச் செய்தால் தோள் மூட்டுகளில் அயர்ச்சி ஏற்படாது.

நீச்சலின் எல்லைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். எலும்புகள் உறுதிப்படுவதற்கு உடலின் பாரம் அவற்றின்மீது விழ வேண்டும். நீர் அப்பாரத்தை நீக்கிவிடுவதால், நீச்சல் மட்டும் எலும்புக்கு வலுவூட்டப் போதாது. வளரும் பிள்ளைகளும், மாதவிடாய் நின்ற பெண்களும் நீச்சலோடு நடை, ஓட்டம், படியேறுதல் முதலியவற்றையும் மேற்கொள்ள வேண்டும். குளிர்ந்த நீரில் நீந்தியபின் பசி மிகுவதால், உணவில் கட்டுப்பாடு இல்லாதவருக்கு எடை குறையாமலும் போகலாம். வலிப்பு நோய், இருதய நோய் உள்ளோரும், செவிப்பறையில் துளையுள்ளோரும் மருத்துவரின் யோசனையைப் பெற்ற பின்னரே நீரில் இறங்குதல் வேண்டும்.

நீரின் தூய்மை

நீச்சல் குளத்து நீர் வடிகட்டப்பட்டுக் குளோரின் கலந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் நீரில் குறைந்தது 1 மில்லிகிராம் அளவு குளோரின் செயலாற்றும் நிலையில் எஞ்சியிருப்பது அவசியம். நீரின் அமில காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். எண் 7.2க்கும் 7.8க்கும் இடையே இருக்க வேண்டும்; அது உயர்ந்தால் குளோரினின் கிருமி கொல்லும் ஆற்றல் குன்றும். குளத்தருகே கண்ணை எரிக்கும் கடுமையான நெடி வீசினால் குளோரின் மிகுந்துவிட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வியர்வையும் சிறுநீரும் குளோரினுடன் சேர்ந்து உண்டாகும் குளோரமின் எனும் பொருள்களே அந்நெடிக்குக் காரணம். குளத்தில் இறங்குமுன் ஒவ்வொருவரும் நன்றாகக் குளித்துவிட்டு வர வேண்டும் என்ற விதி இதனை முன்னிட்டே ஏற்பட்டது.

கிராமங்களில் உள்ள குளம், கிணறு, கண்மாய் ஆகியவற்றில் குளோரின் இடுவது நடைமுறையில் இயலாது. எனினும் அடிப்படை விதிகள் சிலவற்றைக் கைக்கொள்ளலாம். சாக்கடை சேரும் நீரிலும், கால்நடைகளைக் குளிப்பாட்டும் நீரிலும், பாசி படர்ந்து தேங்கிய நீரிலும் இறங்கலாகாது. வெதுவெதுப்பான தேங்குநீரில் வாழும் ஒருவகை அமீபா, மூக்கின் வழியே ஏறி மூளையைத் தாக்கும் ஆற்றலுடையது. இந்நோய் அரிது, ஆனால் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. 2024, 2025ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் இந்நோய் காணப்பட்டது. ஆகவே இத்தகைய நீரில் தலைகீழாகக் குதிப்பதையும், மூக்கில் நீர் ஏறவிடுவதையும் தவிர்த்தல் வேண்டும்.

உயிர்க்காப்பு

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் 38,000க்கு மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. சராசரியாக நாளொன்றுக்கு நூறு பேருக்கு மேல் என்பது இதன் பொருள். 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் இத்தகைய மரணங்களைத் தடுப்பதற்கான செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது.

இம்மரணங்கள் தடுக்கக் கூடியவை என்பதை வங்காளதேசத்தில் நடைபெற்ற முயற்சி நிரூபித்தது. அங்கே 2006ஆம் ஆண்டு முதல், 4 வயதுக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியருக்குக் கிராமக் குளங்களிலேயே நீச்சல் கற்பிக்கப்பட்டது. குளத்தினுள் மூங்கிலால் ஒரு மேடை அமைத்து, சுற்றிலும் தடுப்புக் கட்டி, ஆழம் மிகாத இடத்தில் பிள்ளைகளைப் பழக்கினர். 25 மீட்டர் தூரம் நீந்தவும், 30 வினாடி மிதக்கவும், கரையிலிருந்தபடியே பிறருக்கு உதவவும் அறிந்தவரே தேர்ச்சி பெற்றவராவர். பயிற்சி பெறாத பிள்ளைகளோடு ஒப்பிடுகையில், பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறத்தல் நூற்றுக்கு 93 பங்கு குறைவாக இருந்ததென 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவித்தது. பளிங்குக் கற்கள் பதித்த குளம் இல்லையே என்று எந்தக் கிராமமும் தயங்க வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும்.

கற்பிக்கும் ஒழுங்கு

நீச்சல் கற்பிப்பதில் அவசரம் கூடாது. பிள்ளையை ஆழமான நீரில் தள்ளிவிட்டால் தானே நீந்தக் கற்றுக்கொள்வான் என்பது பழைய தவறான எண்ணம். அவ்வாறு தள்ளப்பட்டவர்களுள் பலர் வாழ்நாள் முழுவதும் நீரைக் கண்டு அஞ்சுவர். சிலர் உயிர் இழக்கவும் கூடும். கற்பவர் கால் ஊன்றி நிற்கக்கூடிய, மார்பளவுக்கு மேற்படாத நீரில் தொடங்குவதே முறை.

முதற்படி, முகத்தை நீரில் அமிழ்த்தி வாயால் குமிழிகள் விட்டு மூச்சை வெளியேற்றப் பழகுதல். இரண்டாம் படி, நுரையீரலில் காற்றை நிரப்பிக்கொண்டு குப்புறவும் மல்லாந்தும் அசையாமல் மிதத்தல். காற்று நிரம்பிய நிலையில் மனித உடல் பெரும்பாலும் மிதக்கும் இயல்புடையது என்பதை இப்படியிலே பிள்ளை தானே உணர்ந்துகொள்ளும். அச்சம் நீங்குவதும் இங்கேதான். மூன்றாம் படி, சுவரைக் காலால் உந்தி நீரின்மேல் வழுக்கிச் செல்லுதல். அதன்பின் கால் வீச்சு. அதன்பின் கை வீச்சு. கடைசியாகக் கைவீச்சோடு மூச்சை ஒருங்கிணைத்தல். மல்லாந்து மிதக்கத் தெரியாத பிள்ளையை வேகமாக நீந்தப் பழக்குவது அடித்தளம் இன்றிச் சுவர் எழுப்புவதை ஒக்கும்.

நீரினுள் நீண்டநேரம் மூச்சடக்கும் பந்தயங்களை ஆசிரியர்கள் கண்டிப்பாகத் தடுத்தல் வேண்டும். வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்கிவிட்டு மூழ்குபவரின் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது. மூச்சுவிட வேண்டும் என்ற உணர்வை எழுப்புவது அவ்வாயுவே. ஆதலால் அவ்வுணர்வு எழுவதற்கு முன்பே மூளைக்குப் பிராணவாயு குறைந்து, முன்னறிவிப்பு ஏதுமின்றி நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இவ்வாறு இறந்துள்ளனர்.

பிறருக்கு உதவுதல்

நீரில் தத்தளிப்பவரைக் கண்டதும் தாமும் குதிப்பதால் இருவரும் மூழ்கும் நிகழ்ச்சிகள் அடிக்கடி நேர்கின்றன. மூழ்குபவர் கைக்கு எட்டியதைப் பற்றி அழுத்துவது இயல்பு. ஆகவே கரையில் நின்றபடியே கழி, கயிறு, துணி ஆகியவற்றை நீட்டுவதும், மூடிய வெற்றுக் குடம், பிளாஸ்டிக் கேன், மோட்டார் வண்டி டியூப் போன்று மிதக்கும் பொருளை வீசுவதும், கூவி ஆள் சேர்ப்பதுமே முதற்கடமை. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர்களுள் இருவரை, அங்கிருந்த பெண்கள் மூவர் தம் சேலைகளை வீசிக் கரையேற்றினர். தமிழ்நாடு அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கிப் பாராட்டியது.

கரையேற்றப்பட்டவர் மூச்சின்றிக் கிடந்தால், தலைகீழாகத் தூக்குவதும், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் தவறு; அதனால் விலைமதிப்பற்ற நிமிடங்கள் வீணாகும். 108 எண்ணுக்கு உடனே ஒருவர் செய்தி சொல்ல, மற்றொருவர் தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதத் தொடங்க வேண்டும். பின்பு மார்பின் நடுவே 5 செண்டிமீட்டர் அளவு ஆழ்ந்து அமுங்குமாறு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, 2 முறை மூச்சு ஊத வேண்டும். மருத்துவ உதவி வரும்வரை இதனை நிறுத்தலாகாது. இவ்வளவு வயதுவந்தோருக்குரியது, சிறு குழந்தைகளுக்கு மார்புக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும்.

ஆசிரியரும் களப்பணியாளரும்

இத்துறையில் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் ஆற்றக்கூடிய பணி பெரிது. தத்தம் ஊரில் உள்ள கிணறுகள், குளங்கள், கால்வாய்கள், மணல் எடுத்த பள்ளங்கள் ஆகியவற்றைக் கணக்கெடுத்து, சுற்றுச்சுவரோ வேலியோ இல்லாதவற்றை ஊராட்சியின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நீச்சலைவிடக் கண்காணிப்பே முதன்மையான காப்பு. தாய்மார் வயல்வேலைக்குச் செல்லும் நேரங்களில் அங்கன்வாடிகள் குழந்தைகளைத் தவறாமல் ஏற்றுக்கொண்டால் பல உயிர்கள் பிழைக்கும். 6 வயதுக்கு மேற்பட்டோருக்கு நீச்சலையும் நீர்ப் பாதுகாப்பையும் கற்பிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பெண் குழந்தைகளை விலக்கிவைக்கும் வழக்கத்தை மாற்றப் பெண் ஆசிரியைகள் முன்வருவது நலம். குளித்தல், துணி துவைத்தல், நீர் எடுத்தல் ஆகியவற்றுக்காக நாள்தோறும் நீர்நிலைக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

தில்லியில் நீந்தும் வழக்கம் அருகியது நதி மாசுற்றதனால். நதியைத் தூய்மைப்படுத்தும் பணி பல்லாண்டுக் காலம் செல்லக்கூடியது. அதுவரை பிள்ளைகள் கற்காமல் காத்திருக்க இயலாது. தமிழ்நாட்டில் தூய நீருள்ள கிணறுகளும் குளங்களும் இன்னும் பல ஊர்களில் எஞ்சியுள்ளன. கோடை விடுமுறை தொடங்குமுன் ஒவ்வொரு பள்ளியும் தன் அருகே உள்ள நீர்நிலையைச் சோதித்து, நீந்தத் தெரிந்த பெரியவர் இருவரையாவது பொறுப்பில் அமர்த்தி, பத்துப் பிள்ளைகளுக்கேனும் மிதக்கக் கற்பித்தால், அப்பிள்ளைகள் வாழ்நாள் முழுவதற்கும் உதவும் உடற்பயிற்சி ஒன்றையும், உயிர் காக்கும் கலை ஒன்றையும் ஒருங்கே பெற்றவராவர்.